பானெட்டில் ஒரு கலை

அத்தியாயம் ஆறு

கலை என்ற பெண்ணைக் கண்டுபிடித்துத் தரச் சொன்ன தம்புசாமியிடம் அவளுடைய படம் இல்லை, முகவரி இல்லை, கைப்பேசி எண்ணும் இல்லை. தன் வருங்கால மருமகனுடைய கறுப்புக் காரின் பானெட்டில் அவள் பெயர் கீறியிருந்தது என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே துப்பு.

"ரெண்டு எழுத்து இருக்கு பாஸ். போன கேஸ்ல அதுகூட இல்ல," என்றான் ஜோனத்தன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக்கடையின் மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்தே உதவியாளனின் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்று குமுதா ஒரு கொள்கை வைத்திருந்தாள். அதற்கு முன் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தே, அதை நசுக்கியவர் சொல்லப்போகும் பொய்யை முன்கூட்டிச் சொல்லிவிடுவாள். ஜோனத்தன் செந்தூல்காரன், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவன். முன்பு வானொலிக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்த வாய் அவனுடையது. இப்போது அந்த வாய்க்குக் கேட்பதற்கு ஆள் குமுதா ஒருத்திதான்.

அன்று மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரத்தில் இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். தம்புசாமியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், மேலே கான்கிரீட் நடைபாலம் ஓடும் நிழலில் ஜோனத்தன் தன் கருநீல சாகாவை நிறுத்தினான். அந்தப் பழைய காரை அவன் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் தன் கையாலேயே பாலீஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தான். கடை வாசலில் ஒரு கரும்பலகை. 'இன்று மீன் தலைக்கறி இல்லை' என்று முதலாளியே சாக்பீஸால் எழுதியிருந்தார். ஜோனத்தன் அதை இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டான். புரிந்ததும் அவனுக்கு வருத்தமாக இருந்தது. மீன் தலைக்கறியை நம்பித்தான் அவன் காலையில் பசியாறாமல் வந்திருந்தான்.

தம்புசாமி அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். மூலை மேசையில் அவர்களை உட்கார வைத்துக் கதையைச் சொன்னார். ஒரே மகள் விஷ்ணுப்ரியா, கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒரு தரகர் கொண்டுவந்த குருவைத் தேர்ந்தெடுத்தார். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை, பண்டமாரானில் சொந்த வீடு, நல்ல பழக்கம். தானே பார்த்து, தானே விசாரித்து, தானே முடிவு செய்த மாப்பிள்ளை என்பதைத் தம்புசாமி திரும்பத் திரும்பச் சொன்னார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் கார் மண்டப வாசலில் நின்றது. மேலே வளைவு முழுக்க விளக்குகள். கறுப்பு பானெட்டில் ஒளி சாய்வாக விழுந்தபோது, வெள்ளி நூல் போல இரண்டு எழுத்துகள் மின்னின. கலை. யாரது என்று கேட்டதற்கு மாப்பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று. பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்த பூத்தட்டை எடுத்து அந்தப் பெயர்மேல் வைத்துவிட்டான். அதற்கு முன்பு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பண்டமாரானுக்குப் போனபோது, அவன் பற்பசையைப் பூசி பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"பல்லு விளக்குறதை வச்சு ஒருத்தன் காரை விளக்குறான்னா, மறைக்கிறதுக்கு என்னமோ இருக்கு மேடம்," என்றார் தம்புசாமி. பத்திரிகை எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் கலை யாரென்று தெரியாமல் மகளை மணவறையில் உட்கார வைக்கமாட்டேன் என்றார். கல்லாவில் இருந்த மகளை அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவள் எதையோ எண்ணுவது போலக் குனிந்துகொண்டாள்.

பேச்சுக்கு நடுவிலும் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து மேசையின் விளிம்பில் விரலை ஓட்டுவார். விரல் நுனியைப் பார்ப்பார். "இன்னும் தொடைக்கலை," என்பார், குரலை உயர்த்தாமலே. எங்கிருந்தோ ஒரு பணியாளர் துணியோடு ஓடி வருவார். அவர்கள் இருந்த நேரத்தில் கடையில் எல்லா மேசைக்கும் அந்தத் தீர்ப்பு கிடைத்தது.

வெளியே வந்த ஜோனத்தன் தன் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மேலே நடைபாலத்தின் விரிசலிலிருந்து சுண்ணாம்பு கலந்த நீர் சொட்டி, கருநீல பானெட்டில் ஒரே வரிசையாக வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்திருந்தது. கோலம் போட ஆரம்பித்த யாரோ பாதியில் எழுந்து போனது போல இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அவன் அதைப் பற்றியே புலம்பினான். சாதாரண மழைத்தண்ணீர் என்றால் துடைத்தால் போய்விடும், சுண்ணாம்புத் தண்ணீர் சாயத்தைத் தின்றுவிடும், அடர்நிறக் காருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது என்றெல்லாம் சொன்னான். குமுதா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

ஆனால் அந்தப் புலம்பல்தான் வழியைத் திறந்துவிட்டது. வீட்டிலேயே காரைப் பளபளப்பாக்கும் பைத்தியங்களுக்கென்று முகநூலில் ஒரு குழு உண்டு. ஜோனத்தன் அதில் நீண்ட நாள் உறுப்பினன். புள்ளிகளுக்கு வைத்தியம் தேடி அதற்குள் போனவன், வேறொருவரின் கதறலில் தடுக்கி விழுந்தான். கறுப்புக் காரில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், தண்ணீர்ப் புள்ளிகள், வீட்டிலேயே போக்க வழி உண்டா, கல்யாணம் நெருங்குகிறது, கடைக்குக் கொண்டுபோனால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் குரு. இடம் பண்டமாரான்.

"பாஸ், மாப்பிள்ளையே நம்மளைக் கூப்பிடுறாரு," என்றான் ஜோனத்தன்.

வீட்டுக்கே வந்து செய்து தருவதாகக் குழுவில் பதில் எழுதிவிட்டு, சனிக்கிழமை காலையில் இரண்டு வாளி, ஒரு கூடைத் துணி, பாலீஷ் டப்பாக்களோடு அவர்கள் குருவின் வீட்டு வாசலில் இறங்கினார்கள். குமுதா, ஜோனத்தனின் அக்காவாக வந்திருந்தாள். கார்ப் பைத்தியம் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு என்று அவன் அறிமுகப்படுத்தியபோது அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

குருவுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தூங்காத கண்கள். வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தான். ஓடு வேய்ந்த போர்ச்சின் கீழ் நின்ற கறுப்புப் பெர்சோனா காரைப் பார்த்ததும் ஜோனத்தன் வாளிகளைக் கீழே வைத்துவிட்டான். எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டான். குரு ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டான். உச்சி வெயிலில், ஒரே வாளியில், பழைய பனியனால் கழுவுவான். துறைமுகப் புழுதி படிந்திருந்தால் கோழி இறகுத் துடைப்பத்தால் தினமும் வட்டமாகத் தட்டிவிடுவான். செந்தூல் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாரைப் போல ஜோனத்தன் கண்ணை மூடித் தலையாட்டினான்.

"புழுதியோட சேர்த்து இறகால தேய்ச்சா அது மணல்தாள் தம்பி. நீங்க தினம் காருக்கு மணல்தாள் போட்டிருக்கீங்க," என்றான். "பரவால்ல. எல்லாத்துக்கும் மன்னிப்பு உண்டு."

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து கார் முழுவதையும் கழுவினான். பழைய மெழுகு எல்லாம் கழன்று போக வேண்டும், அப்போதுதான் கீறல்கள் உண்மையான முகத்தைக் காட்டும் என்று விளக்கினான். ஒரு துணியைக் கார்மேல் வைக்கும் முன்பு ஒவ்வொரு முறையும் இன்னொரு வாளியில் அலசினான். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்தபோது, வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை போல ஆயிரம் வட்டக் கீறல்கள் எழுந்தன. அவற்றுக்கு நடுவே, பானெட்டின் வலப்பக்கம், விரல் அகலத்தில் அந்த இரண்டு எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன.

குரு உடனே அந்த இடத்தில் ஆரம்பிக்கச் சொன்னான். குமுதா ஜோனத்தனின் காலை மிதித்தாள்.

பானெட் கடைசி என்றான் ஜோனத்தன். எந்தப் பாலீஷையும் முதலில் கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆகவே பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதியிலிருந்து தொடங்குவதுதான் முறை. அது பொய்யும் இல்லை. ஆனால் அவனுடைய நிலைமை வேடிக்கையாகத்தான் இருந்தது. குருவுக்காக அழிக்க வந்திருந்தான், குமுதாவுக்காக அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடித் துணிக்குள் ஒரு கல்யாணம் இருந்தது.

பஞ்சு வட்டில் நாலு சொட்டுப் பாலீஷ் விட்டு, ஒரு முழச் சதுரம் மட்டும் எடுத்துக்கொண்டு, மேலும் கீழுமாக, பிறகு குறுக்காக, நேர்கோட்டில் தேய்த்தான். துடைத்ததும் அந்தச் சதுரத்தில் மட்டும் வலை மறைந்து ஆகாயம் தெரிந்தது. குரு குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தான். முதல் முறையாகச் சிரித்தான். நல்ல பையன் என்று ஜோனத்தனுக்குத் தோன்றிவிட்டது. அதுதான் இந்தத் தொழிலில் அவனுக்குப் பிடிக்காத பகுதி.

பூட் முடிந்து அதன்மேல் மெழுகு பூசிக் காயவிட்டான். அது வெள்ளைப் பனிபோல ஆடை கட்டியது. அடுத்துத் தண்ணீர்ப் புள்ளிகள். வினிகரும் புட்டித் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிகள்மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்து, உடனே அலசிவிட வேண்டும். இது கீறலை ஒன்றும் செய்யாது. ஆகவே பானெட்டிலும் துணிந்து செய்யலாம். ஒற்றிக்கொண்டே போனவன் நடுவில் நின்றான். புள்ளிகள் தாறுமாறாக இல்லை. ஒரே வரிசையாக இருந்தன.

"பாஸ், இதுங்க நம்ம சாகாவோட சொந்தக்காரங்க," என்று முணுமுணுத்தான்.

குமுதா குனிந்து பார்த்தாள். பிறகு குருவிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாள். அலுவலகத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை உண்டா? இல்லை, திறந்த வெளி. இங்கே மேலே ஓடுதான். அப்படியென்றால் கான்கிரீட் சுண்ணாம்பு எங்கே சொட்டியது? குரு மைலோ கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டான்.

அவன் போனதும் ஜோனத்தன் வேலையை முடித்தான். எல்லாப் புள்ளியும் கரைந்தது. ஒன்றைத் தவிர. எழுத்துகளுக்கு இடப்பக்கத்தில், கொஞ்சம் மேலே, ஒற்றைப் புள்ளி. வினிகரை இரண்டாம் முறை ஒற்றினான். அசையவில்லை. ஒரு புள்ளி மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான்.

குமுதா டார்ச்சை வாங்கிக்கொண்டாள். புள்ளியின்மேல் அடித்தாள். அதற்குக் கீழே பற்பசை தேய்த்து மங்கலாகிப்போன பட்டையின்மேல் அடித்தாள். அந்தப் பட்டை பானெட்டின் இடது ஓரத்திலிருந்து தொடங்கி, எழுத்துகளின் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. பிறகு எழுத்துகளுக்கு வந்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"ஜோ, இந்த 'லை'யைப் பாரு."

அவன் பார்த்தான். இன்று எழுதும் லை இல்லை அது. ல-வுக்கு முன்னால் தனியாகக் கொம்பு போடாமல், எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதியிருந்தது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

"அப்போ கலைக்கு அறுபது வயசுக்கு மேல," என்றான் ஜோனத்தன் மெதுவாக. "மாப்பிள்ளைக்கு ரசனை வேற மாதிரி போல."

குமுதாவின் உதடு லேசாகக் கோணியது. கொள்கை முதல் முறையாக ஆட்டம் கண்ட தருணம் அது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது குரு திரும்பி வந்து, இப்போதாவது பானெட்டைத் தொடுங்கள் அண்ணே என்று கேட்டான். குரல் கெஞ்சியது. ஜோனத்தன் காலம் கடத்தினான். சாயத்தில் பதிந்த தூசியைக் களிமண் கட்டியால் உருவி எடுக்க வேண்டும் என்றான். பிறகு பஞ்சு வட்டை மாற்ற வேண்டும் என்றான். பிறகு கறுப்புச் சாயத்தின் குணாதிசயம் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தான். அது முடியும் கட்டத்தில் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது.

ஓட்டி வந்தவள் விஷ்ணுப்ரியா. அழுத கண்கள். பக்கத்து இருக்கையிலிருந்து தம்புசாமி இறங்கினார். குமுதாவைப் பார்த்து, தனக்கு இனிமேல் பொறுக்க முடியாது என்றார். இன்றைக்கே நேரில் கேட்டு, இன்றைக்கே முடித்துவிட வந்திருக்கிறார். அவர் குமுதாவிடம் முன்பே தெரிந்தவளிடம் பேசுவதுபோல் பேசியதைக் கேட்டதுமே குருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் ஜோனத்தனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே, "அப்போ நீங்க உதவிக்கு வரலை," என்று மட்டும் சொன்னான்.

ஜோனத்தன் குனிந்து, ஏற்கெனவே அலசிய துணியை மறுபடி அலசினான்.

"ரெண்டும்தான் தம்பி," என்றாள் குமுதா. பிறகு தம்புசாமி பக்கம் திரும்பினாள். "கலையைக் கண்டுபிடிச்சாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். அதுக்கு முன்னால ஒரு சின்ன உதவி. நீங்க பார்த்த பேரை எனக்கு எழுதிக் காட்டுங்க. இங்கேயே, இந்த மெழுகு மேல."

தம்புசாமிக்கு அது விளையாட்டாகப் பட்டது. ஆனாலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் பூட்டின் அருகே போனார். வெள்ளை மெழுகாடையில் ஆள்காட்டி விரலை வைத்து, கடை வாசலில் கரும்பலகையில் எழுதும் அதே வேகத்தில், கலை என்று எழுதினார். விரலை எடுத்தார். வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு யானைத் தும்பிக்கை வளைந்து நின்றது.

குமுதா அவர் தோளைத் தொட்டு முன்பக்கம் கூட்டிப்போய் டார்ச்சை அடித்தாள். அதே தும்பிக்கை. அதே சாய்வு. க-வின் வால்கூட அதே இடத்தில் மடங்கியிருந்தது.

குரு கண்ணை மூடிக்கொண்டான்.

"இது பேரே இல்லைங்க," என்றாள் குமுதா. "ஒரு சொல்லோட வாலு. தலைப்பக்கத்தை இவர் நிச்சயத்துக்கு முன்னாலேயே பற்பசையால தேய்ச்சுட்டாரு. இடது பக்கத்திலேருந்து தேய்ச்சுக்கிட்டே வந்தாரு, சாயம் மங்கிப்போறதைப் பார்த்துப் பயந்து இங்க நிறுத்திட்டாரு. பேரை மறைக்க நினைக்கிறவன் பேரை விட்டுட்டு வெறும் இடத்தையா தேய்ப்பான்?" அவள் அந்த ஒற்றைப் புள்ளியைக் காட்டினாள். "இவன் இதைத் தண்ணிப் புள்ளின்னு நினைச்சு வினிகர் போட்டான். போகலை. ஏன்னா இது 'க்'-கோட புள்ளி. எழுத்து அழிஞ்சு, புள்ளி மட்டும் தங்கிடுச்சு. ஒரு 'க்', அப்புறம் 'கலை'ன்னா, அதுக்கு முன்னால என்ன வரும்? உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு நூறு தரம் நீங்க சொல்ற வார்த்தை."

தம்புசாமியின் உதடுகள் அசைந்தன.

"இன்னும்... துடைக்கலை."

அவருக்கு நினைவு வந்துவிட்டது. அது முகத்தில் எழுந்து வருவதை ஜோனத்தன் பார்த்துக்கொண்டிருந்தான். சில மாதங்களுக்கு முன்னால் கடைக்குப் பின்புறம், நடைபாலத்துக்கு அடியில், சமையற்கட்டுக் கதவை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கார் மதியந்தோறும் நிற்கும். துறைமுகப் புழுதி விரலளவு படிந்து கிடக்கும். மேசையில் தூசி இருந்தாலே பொறுக்காத மனிதர். ஒரு நாள் தாங்க முடியாமல் போய் அந்தப் புழுதியிலேயே தன் தீர்ப்பை எழுதிவிட்டு வந்தார். புழுதி கழுவப்பட்டது. ஆனால் விரலுக்கும் சாயத்துக்கும் நடுவில் இருந்த மணல், தீர்ப்பைக் காரில் நிரந்தரமாகப் பதித்துவிட்டது. யாருடைய கார் என்று அவர் அன்றைக்கு விசாரிக்கவில்லை. மதியக் கூட்டத்தில் மேசைகளைத்தான் பார்ப்பாரே தவிர, வந்துபோகும் முகங்களை அவர் பார்ப்பதில்லை. எழுதியவர் யார் என்பது கார்க்காரனுக்கு மட்டும் தெரியும். அவன் அப்போது கடைக்குள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோனத்தனுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆளை வரவழைத்து, இல்லாத ஒரு பெண்ணைத் தேடச் சொன்ன மனிதர், தேடியது தன் கையெழுத்தையே. ஜோனத்தன் பஞ்சு வட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். அதில் பாலீஷ் இருந்தது.

ஆனால் தம்புசாமி சிரிக்கவில்லை. இரண்டாவது விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு நாள் இல்லை, மதியந்தோறும். தரகர் வரன் கொண்டுவருவதற்கும் முன்னால். அவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"இவரை நீதான் முதல்ல பார்த்தியா?"

விஷ்ணுப்ரியா தலையாட்டினாள். குரு குறுக்கே வந்து, தப்பு தன்னுடையது அங்கிள், பானெட் விஷயத்தைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்றுதான் மறைத்தேன் என்று தடுமாறினான். அவள் அவனைக் கையால் தடுத்தாள். அழுத கண்களைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"நான் பார்க்கிற மாப்பிள்ளைதான்னு நீங்க சொன்னீங்கப்பா. அதான் நீங்க பார்க்கிற இடத்துல கொண்டாந்து நிறுத்தினோம். தேர்ந்தெடுத்தது நீங்கதான். அது பொய் இல்ல."

தம்புசாமி போர்ச்சின் படியில் உட்கார்ந்தார். குமுதா டார்ச்சை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதை இனி எந்தத் துப்பும் தீர்மானிக்காது.

கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். மனைவி வள்ளியம்மாவுக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். தலைக்குமேல் வெள்ளம் போன குரலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கலை என்று யாருமே இல்லை, எழுதியது தான்தான், இந்தப் பையன் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன், இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார்.

மறுமுனையில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. வள்ளியம்மா அவர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"அந்தத் தரகரை வரச் சொன்னது யாருன்னு நெனச்சீங்க?" என்றாள். "நான்தான். நீங்களா ஒருத்தரைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள இந்தப் புள்ளைக்குத் தலை நரைச்சிரும்லா. சரி, வரும்போது தேங்காய்ப்பால் வாங்கிட்டு வாங்க. மறந்துராதீங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

தம்புசாமி கைப்பேசியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் ஜோனத்தன் நினைத்தான். பிறகுதான் சத்தம் வந்தது. படியில் உட்கார்ந்தபடியே, தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற அந்த மனிதர் சிரித்தார். விஷ்ணுப்ரியாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஜோனத்தன் பஞ்சு வட்டை எடுத்து எறிந்துவிட்டு, அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் அவிழ்த்துவிட்டான். எதிர்வீட்டுச் சீன அம்மா சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். குமுதா மட்டும் வேலிப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் முதுகும் குலுங்கியதை ஜோனத்தன் பிற்பாடு பல தடவை சாட்சியத்தோடு நிரூபிக்கப் பார்த்திருக்கிறான். அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

குருதான் இன்னும் சிரிக்காமல் கையைக் கட்டி நின்றான். தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். இதுவரை அவனை மிஸ்டர் குரு என்றுதான் அவர் கூப்பிட்டு வந்தார். நிச்சயதார்த்த மேடையிலும் அப்படித்தான்.

"மாப்ளே," என்றார். "வீட்டுல சாப்பிட என்ன இருக்கு? காலையிலேருந்து ஒண்ணும் உள்ள இறங்கலை."

குரு திறந்த வாயோடு மேகி மட்டும்தான் இருக்கிறது என்றான்.

கிள்ளானில் நாலு தலைமுறைக்குச் சோறு போட்ட கடையின் முதலாளி, அன்று மதியம் பண்டமாரானில், ஒரு சின்னக் கிண்ணத்தில் முட்டை ஊற்றிய மேகியை மீதி வைக்காமல் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார்.